எஸ்டேட் தண்ணீர் அணை: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிவரை தொடக் கூடாது

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பலரிடம், ஓடையை மறித்துப் போட்ட ஒரு மண்கரை இருக்கும். அதிலிருந்து குழாய் இறங்கி தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் பங்களாவுக்கும் தண்ணீர் போகும். கரை எந்தக் காலத்தில் போட்டது, குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்பதெல்லாம் பழைய மேஸ்திரிக்குத்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.

தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர் வந்ததும் செய்யும் முதல் வேலை, தூர் வாருவது. அடுத்து, கசியும் இடத்தில் சிமென்ட் பூசுவது. கோடையில் தண்ணீர் போதவில்லை என்றால் கலிங்கில், அதாவது மிச்சத் தண்ணீர் வழியும் வாயில், மணல் மூட்டை அடுக்குவது. முதல் இரண்டும் வேலையைக் கெடுக்கும், மூன்றாவது ஆளைக் கொல்லும்.

மண்கரை பெரும்பாலும் மூன்று விதமாக உடைகிறது. வெள்ளம் கரை மேல் ஏறி வழிந்து அறுப்பது ஒன்று. கரைக்குள் தண்ணீர் வழி கண்டுபிடித்து மண்ணை உள்ளிருந்தே கொண்டுபோவது இன்னொன்று. சரிவு வழுக்கி இறங்குவது மூன்றாவது. வேலை வரிசையும் இதை ஒட்டித்தான் அமைய வேண்டும்: கலிங்கு, கரையின் மேல்மட்டம், குழாய், செடிகொடி, கசிவு, மண்வேலை. தூர் வாருவது கடைசி.

கீழே சொல்வது மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் உயரமுள்ள கரைகளுக்கு. அதற்கு மேல் உயரம் என்றாலோ, கரைக்கு நேர் கீழே வீடுகள் இருந்தாலோ, அணைக்கட்டு வேலை தெரிந்த சிவில் பொறியாளர் ஒருவரை ஒருமுறையாவது கூட்டி வந்து காட்டிவிடுங்கள்.

1. இறங்குவதற்கு முன்: காகிதம், கருவி, மாதம்

முதலில் புல வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கரை உங்கள் பட்டாவில் இருக்கலாம், ஓடை பெரும்பாலும் புறம்போக்கு. எல்லை தெரியாமல் ஓடையில் கை வைத்தால் வேலை பாதியில் நிற்கும், பாதி வெட்டிய கரை மழையில் மாட்டும்.

ஜேசிபி கொண்டுவர நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மரம் வெட்ட, 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனி அனுமதி. இரண்டுக்கும் மனு போட்டுவிட்டுத்தான் ஆள் பேச வேண்டும்.

2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்குள் வரும் 10 முதல் 15 மீட்டர் அணைகளுக்கும்தான். நம்முடைய கரைகள் அதில் வராது. அதைச் சிலர் நிம்மதியாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வருடா வருடம் வந்து பார்க்க எந்த அதிகாரியும் வர மாட்டார் என்றுதான் அதற்குப் பொருள். பார்க்க வேண்டியது உரிமையாளர்.

கருவிகள் அதிகம் வேண்டாம்: கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல், 30 மீட்டர் டேப், அரிவாள், மண்வெட்டி, ஒரு மீட்டர் நீளக் கம்பி, 10 லிட்டர் பக்கெட், வெள்ளைக் கண்ணாடி பாட்டில் இரண்டு, சாயம் பூசிய முளைகள், ஒரு நோட்டு. மழைமானி தோட்டத்தில் எப்படியும் இருக்கும்.

மாதம் முக்கியம். கோத்தகிரி, குன்னூர் சரிவுகளில் பெரிய மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதனால் பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் மண்வேலையை முடித்து, புல் பிடிக்க நான்கு மாதம் விடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலேயே மழை இறங்கிவிடும். அங்கே ஏப்ரல் கடைசிக்குள் கரை மூடியிருக்க வேண்டும். ஈரத்தில் போட்ட மண் இறுகாது. இறுகாத மண் முதல் வெள்ளத்தோடு போகும்.

2. கரைக்குக் கீழே நடந்து பாருங்கள்

கரையைப் பார்க்கும் முன், ஓடை வழியாகக் கீழே ஒரு கிலோமீட்டராவது நடங்கள். லைன் வீடு, மோட்டார் ஷெட், கேரட் தோட்டம், ரோட்டுப் பாலம், இன்னொருவரின் சின்னக் குளம் என்று எது இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு குளம் இருந்தால், உங்கள் கரை உடையும்போது அதுவும் சேர்ந்து உடையலாம்.

பிறகு தண்ணீரின் அளவைக் கணக்கிடுங்கள். நீர்ப்பரப்பு × அதிக ஆழம் × 0.4. அரை ஏக்கர் பரப்பு (சுமார் 2,000 சதுர மீட்டர்), நான்கு மீட்டர் ஆழம் என்றால் 3,200 கன மீட்டர். அதாவது 32 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரியில் 320 லோடு. சமவெளியில் இது பரவி நின்றுவிடும். இங்கே சரிவில் மண்ணையும் கல்லையும் கட்டையையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். “சின்னக் குளம்தானே” என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் பேச்சு மாறும்.

3. கலிங்கு: பாதி வேலை இங்கேதான்

கலிங்கு என்பது கரை நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் வாய். தோட்டங்களில் ஓவர்ஃப்ளோ என்பார்கள். மண்கரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தலைக்கு மேல் தண்ணீர் போனால் தாங்காது. கலிங்கு சரியாக இல்லையென்றால் மற்ற வேலை எல்லாம் வீண். அதனால்தான் முதலில் இது.

அடைப்பைத் தேடுங்கள். எங்கள் பக்கத்தில் அடிக்கடி காண்பது மூன்று. ஒன்று, கவாத்து (செடியைக் கத்தரிப்பது) முடிந்ததும் தேயிலைக் குச்சிகளை ஓடையோரம் குவித்து வைப்பது. முதல் பெரிய மழையில் அந்தக் குவியல் அப்படியே மிதந்து வந்து கலிங்கில் குறுக்கே படுத்துக்கொள்ளும். இரண்டு, மீன் விட்டவர்கள் கட்டும் வலை. சவுக்கு இலையும் சீகை (வாட்டில்) நெற்றும் பட்டு ஒரு மணி நேரத்தில் அது சுவர் ஆகிவிடும். மூன்று, ஆள் நடக்க வசதியாகக் கலிங்கின் மேல் போட்ட பலகை அல்லது ஸ்லாப். கட்டை வந்து அதில் மாட்டினால் அவ்வளவுதான்.

மீன் வேண்டும் என்றால் கலிங்கின் வாயில் வலை கட்டாதீர்கள். பத்து மீட்டர் உள்ளே, தண்ணீரில், ட்ரம் கட்டிய கயிற்றுத் தடுப்பு ஒன்றை மிதக்க விடுங்கள். கட்டையும் குச்சியும் அங்கேயே நிற்கும், தண்ணீர் அடியில் போகும்.

அடுத்து அகலம். இதை யாரும் அளப்பதில்லை. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்கள் குளத்துக்குத் தண்ணீர் வடியும் சரிவு 50 ஏக்கர், அதாவது 20 ஹெக்டேர் என்று வையுங்கள். மழை மணிக்கு 80 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டுகிறது. தேயிலைச் சரிவில் அதில் 60 சதவீதம் ஓடி வருகிறது என்று கொள்வோம். 0.6 × 80 × 20 ÷ 360 = சுமார் 2.7. நொடிக்கு 2.7 கன மீட்டர் தண்ணீர் வெளியே போக வேண்டும்.

அகலமான தட்டைக் கலிங்கில் அரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் போனால், ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்குச் சுமார் 0.6 கன மீட்டர் போகும். ஆக நாலரை மீட்டர் அகலம் வேண்டும். ஐந்தாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் தோட்டத்தில் இருப்பதை நினைத்துப் பாருங்கள்: பல இடங்களில் கலிங்கு என்ற பெயரில் 12 அங்குலக் குழாய் ஒன்றுதான் இருக்கும். அதன் மேல் ஒரு மீட்டர் தண்ணீர் நின்று அழுத்தினாலும் நொடிக்கு 0.2 கன மீட்டர்தான் போகும். தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மணிக்கு 80 மில்லிமீட்டர் என்பது பயமுறுத்தச் சொன்ன எண் இல்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் அப்படியே. இந்த மலையில் நடந்தது, நடக்கக்கூடியது.

அகலம் போதவில்லை என்றால் கரையை வெட்டி அகலப்படுத்தக் கூடாது. கரையின் ஓரத்தில், யாரும் கொட்டாத இயற்கை மண் இருக்கும் பக்கமாகத்தான் புது வாய் வெட்ட வேண்டும். கொட்டிய மண்ணில் வெட்டிய கலிங்கு தன்னையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். வழிந்த தண்ணீர் கரையின் அடிக்குத் திரும்பி வராமல் ஓடை வரைக்கும் கல் பதித்து வழி விடுங்கள். கலிங்கு ஒழுங்காக இருந்தும், அதிலிருந்து விழுந்த தண்ணீரே கரையின் காலை அரித்த இடங்கள் உண்டு.

மணல் மூட்டை விஷயம். டிசம்பர் கடைசி மழையில் கலிங்கில் இரண்டு வரி மூட்டை அடுக்கினால் கோடைக்கு அரை மீட்டர் தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். வெள்ளத்துக்கென்று விட்டிருக்கும் இடைவெளியைத்தான் அது தின்கிறது. “மழை வந்தால் எடுத்துவிடுவோம்” என்பார்கள். பெரிய மழை ராத்திரி இரண்டு மணிக்கு வரும், வாட்ச்மேன் கலிங்குக்குப் போகும் பாதை அப்போது தண்ணீருக்குள் இருக்கும். தண்ணீர் போதவில்லையென்றால் மேலே தொட்டி கட்டுங்கள். கலிங்கைத் தொடாதீர்கள்.

4. கரையின் மேல்மட்டம்

டியூப் லெவலைக் கொண்டு கரையின் மேல் மூன்று மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் மட்டம் பாருங்கள். கலிங்கின் தளத்திலிருந்து கரையின் மிகத் தாழ்ந்த புள்ளி வரை ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். சராசரியை எடுக்காதீர்கள். தண்ணீர் எல்லா இடத்திலும் வழிவதில்லை, எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே வழியும்.

தாழ்ந்த இடம் வழக்கமாக நடுவில், ஓடைக்கு நேர் மேலே இருக்கும். மண் அதிகம் கொட்டியது அங்கே, படிந்திருப்பதும் அங்கேதான். இன்னொரு இடம் காட்டுமாடு ஏறி இறங்கும் தடம். தண்ணீர் குடிக்க வரும் கூட்டம் ஒரே வழியாகப் போய் வந்து கரையின் தலையில் ஒரு பள்ளம் போட்டுவிடும். ஒரு சாண் ஆழம்தான், பார்த்தால் பாதை மாதிரி இருக்கும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். வெள்ளத்துக்கு அதுவே முதல் வாய். அந்த இடத்தை நிரப்பி, அதற்குப் பதிலாகக் கரையிலிருந்து தள்ளிக் குளத்தின் மேல் ஓரத்தில் சரிவான கல் பாதை ஒன்று போட்டுக் கொடுங்கள். வேலி மட்டும் கட்டினால் மாடு வேலியை முறித்துக்கொண்டு பழைய வழியே வரும்.

மேல்பரப்பு உள்பக்கம், அதாவது தண்ணீர் இருக்கும் பக்கம், கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். மழைத்தண்ணீர் வெளிச்சரிவில் ஓடினால் வாய்க்கால் விழும். கரை மேல் டிராக்டர், ஜீப் ஓட்ட விடாதீர்கள்.

5. மதகு, குழாய், வால்வு

கரைக்குள்ளே ஓடும் குழாய்தான் கரையின் பலவீனமான இடம். குழாயை ஒட்டிய மண்ணை எந்த ஆளும் முழுதாக இடித்து இறுக்க முடியாது. தண்ணீர் முதலில் அங்கேதான் நுழையும்.

வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கரையின் வெளியடியில் மட்டும் வால்வு இருந்தால், அதை மூடியிருக்கும் நேரமெல்லாம் கரைக்குள் இருக்கும் குழாயில் முழு அழுத்தம் நிற்கும். பழைய ஜிஐ குழாய் துருப்பிடித்து ஊசித் துளை விட்டாலும் தண்ணீர் நேராகக் கரைக்குள் பீய்ச்சும். உள்பக்கம், நீர்முனையில் அடைப்பான் இருப்பதே நல்லது. வெளி வால்வு தினசரி வேலைக்கு, உள் அடைப்பான் பழுது பார்ப்பதற்கு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வை முழுதாகத் திறந்து மூடுங்கள். பாதி திறந்த நிலையிலேயே வருடக்கணக்கில் விட்ட வால்வு, வேண்டிய நாளில் அசையாது. மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுங்கள். சட்டென்று மூடினால் குழாய் அதிர்ந்து மூட்டு விலகும். திறந்ததும் முதலில் சேறு வரும், அது குழாயில் தங்கியது. கால் மணி நேரம் கழித்தும் கலங்கலாகவே வந்தால் குழாய்க்குள் மண் நுழைகிறது என்று கொள்ளுங்கள்.

வால்வுக் குழிக்குள் இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மூடியே கிடந்த குழியில் காற்று கெட்டிருக்கும். மூடியைத் திறந்து நேரம் விட்டு, மேலே ஓர் ஆளையும் நிறுத்தி, கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும்.

6. புல் இருக்கட்டும், மரம் வேண்டாம்

கரைக்கு நல்லது கிக்கியூ புல். கணுக்கால் உயரத்துக்கு வெட்டி வைத்தால் மண்ணையும் பிடிக்கும், வெடிப்பும் கசிவும் கண்ணுக்குத் தெரியும். உண்ணிச்செடி மண்டிய கரையில் நீங்கள் எதையும் பார்க்க முடியாது. களைக்கொல்லி அடிக்க வேண்டாம்: புல் செத்து மண் அம்மணமாகும், தண்ணீரும் குடிக்கும் தண்ணீர்.

சீகைக் கன்று மணிக்கட்டுத் தடிமனுக்குள் இருக்கும்போதே வேரோடு பிடுங்கி, குழியை மண்ணிட்டு இடித்து மூடுங்கள். வளர்ந்துவிட்ட கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சவுக்கு என்றால் அவசரப்பட்டு வெட்டிப்போட்டு அடிக்கட்டையை விட்டுவிடாதீர்கள். உயிருள்ள வேரைவிடச் செத்த வேர் ஆபத்து. அது மக்கி, சில வருடத்தில் கரைக்குக் குறுக்கே ஒரு குழாய் போலத் துளை நிற்கும். அனுமதி வாங்கி, நீர்மட்டத்தை இறக்கி, வேரைத் தோண்டி எடுத்து, அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும். பெரிய மரத்துக்கு இது பொறியாளர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

முள்ளம்பன்றி வளையும் நண்டு வளையும் இருந்தால் கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். வாயை மட்டும் அடைத்தால் போதாது. கடைசி வரை தோண்டி, இடித்து நிரப்புங்கள். காட்டுப்பன்றி உழுத இடத்தை அன்றன்றே சரிசெய்தால் புல் திரும்பப் பிடிக்கும்.

7. கசிவு: நிறுத்த வேண்டியது தண்ணீர் இல்லை, மண்

எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும். கசிவைப் பார்த்ததும் பதறுவதும் தவறு, பழகிப்போய் விட்டுவிடுவதும் தவறு. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எங்கே, எவ்வளவு, தெளிவா கலங்கலா.

எங்கே என்பதற்குச் சரியான மாதம் பிப்ரவரி. பனியில் புல்லெல்லாம் கருகிப் பழுப்பாக இருக்கும்போது வெளிச்சரிவில் ஓர் இடம் மட்டும் பச்சையாக நின்றால், அங்கே அடியில் தண்ணீர் இருக்கிறது. காலால் மிதித்துப் பாருங்கள், பொதபொதவென்று இருக்கும். அடியில், ஓடையை ஒட்டி இருந்தால் ஓரளவு எதிர்பார்த்தது. சரிவின் பாதி உயரத்தில் இருந்தாலோ, குழாயைச் சுற்றி இருந்தாலோ கவலைக்குரியது. நான்கு மூலையிலும் முளை அடித்து எல்லையைக் குறித்துவிடுங்கள். அடுத்த மாதம் அது முளையைத் தாண்டினால் உங்களுக்கே தெரியும்.

எவ்வளவு என்பதற்கு, கசிவைச் சின்ன வாய்க்காலில் சேர்த்து ஒரு குழாய்த் துண்டு வழியாக பக்கெட்டில் விழ விடுங்கள். 10 லிட்டர் நிரம்ப எத்தனை நொடி என்று செல்போனில் பார்த்து, அன்றைய நீர்மட்டத்தோடு சேர்த்து எழுதுங்கள். நீர்மட்டம் ஏறினால் கசிவு கூடுவது இயல்பு. மட்டம் அப்படியே இருந்து கசிவு மட்டும் கூடினால் உள்ளே வழி பெரிதாகிறது. திடீரென்று குறைந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். வேறு பக்கம் திறந்திருக்கலாம், தேடுங்கள்.

தெளிவா கலங்கலா என்பதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நம் மலைச் செம்மண்ணில் இரும்பு உண்டு. கசியும் இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று ஒரு படிவம் கட்டும், மேலே எண்ணெய் மாதிரி பளபளப்பும் தெரியும். அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை. பளபளப்பைக் குச்சியால் தொட்டால் சில்லுச்சில்லாக உடைந்து விலகும்; எண்ணெய் என்றால் மறுபடி கூடிவிடும். அந்த ஆரஞ்சைப் பார்த்துக் கரை கரைகிறது என்று பயப்பட வேண்டாம், அதை ஒதுக்கிவிட்டு அடியில் வரும் தண்ணீரை மட்டும் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். பஞ்சு போல மிதந்து லேசாகப் படிந்தால் இரும்புப் படிவம். அடியில் நெருநெருவென்று மண் தங்கினால், அது உங்கள் கரையின் மண்.

மண் வந்தால் செய்ய வேண்டியது இது. கசியும் வாயில் சிமென்ட், களிமண், பழைய சாக்கு எதையும் திணிக்காதீர்கள். அடைத்த தண்ணீர் கரைக்குள்ளேயே அழுத்தம் ஏறி, இன்னும் மேலே, இன்னும் மோசமான இடத்தில் வெளியே வரும். தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் பிடிக்கிற வடிகட்டி வேண்டும். முதலில் ஒரு சாண் கனத்துக்குப் பெருமணல், அதன் மேல் சில்லு ஜல்லி, அதன் மேல் முக்கால் அங்குல ஜல்லி, மேலே பாரத்துக்கு அரைக்கல். வரிசை மாறினால் மணல் ஜல்லிக்குள் போய்விடும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் கான்கிரீட்டுக்குப் போடும் எம்-சாண்ட் எடுத்து, தூள் போக அலசிப் போடுங்கள். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் ஆகாது, அது அடைத்துக்கொள்ளும்.

வடிகட்டி போட்டுக்கொண்டே மேலே மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்குங்கள், அன்றே பொறியாளருக்குச் சொல்லுங்கள். வடிகட்டி அவகாசம் வாங்கித் தரும், கரைக்குள் இருக்கும் வழியை மூடாது.

8. வெடிப்பு

கரையின் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு, சரிவு நகரப் பார்ப்பதன் அடையாளமாக இருக்கலாம். வெயிலில் காய்ந்ததாகவும் இருக்கலாம். குறுக்கே, தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடும் வெடிப்பு இன்னும் மோசம், ஏனென்றால் மட்டம் ஏறும் நாளில் அதுவே வாய்க்கால்.

கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். இருபுறமும் முளை அடித்து இடைவெளியை வாராவாரம் அளந்து எழுதுங்கள். அதுவரை மழைத்தண்ணீர் உள்ளே போகாதபடி தார்ப்பாய் போட்டு மூடுங்கள். சிமென்ட் பால் கரைத்து ஊற்றுவது பலருடைய பழக்கம். சிமென்ட் இறுகி நிற்கும், மண் அசையும், இரண்டுக்கும் நடுவில் புது வழி பிறக்கும். காய்ந்த வெடிப்பு என்று உறுதியானால் அதன் ஆழத்துக்கு V வடிவில் தோண்டி மண் போட்டு இறுக்கினால் போதும். வெடிப்புக்குக் கீழே சரிவு உப்பி இருந்தால் தோண்டாதீர்கள், மட்டத்தை இறக்கிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

குளத்துக்கு மேலே இருக்கும் தேயிலைச் சரிவையும் ஒரு தடவை நடந்து பாருங்கள். அங்கே பிறை வடிவில் வெடிப்பு விட்டிருந்தால், அந்த மண் மொத்தமாகக் குளத்துக்குள் இறங்கி அலையைக் கரை மேல் தூக்கிப் போடும்.

9. மண் போடுவது

ஓடையோரச் சதுப்பின் கறுப்பு மண் வேண்டாம். மட்கு நிறைந்தது, காய்ந்தால் சுருங்கும். மேல்மண் நீக்கிய, கல் பொறுக்கிய செம்மண் எடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை ஆக வேண்டும். விரலுக்கு நடுவே உருட்டினால் பென்சில் தடிமனில் விரிசல் விடத் தொடங்க வேண்டும். கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், உருளவே இல்லையென்றால் குறைவு.

பழைய சரிவின் மேல் அப்படியே கொட்டாதீர்கள். புல்லைச் செதுக்கி, படிக்கட்டு மாதிரி வெட்டி, படியின் மேல் போடுங்கள். இல்லாவிட்டால் புது மண் பழைய மண்ணின் மேல் வழுக்கும். ஒரு தடவைக்கு அரை அடி கனம், இடித்து இறுக்கி, மேலே சுரண்டி, அடுத்த அரை அடி. ஜேசிபி பக்கெட்டால் தட்டினால் இறுகியதாக அர்த்தம் இல்லை. சின்ன ரோலரோ, கையால் இடிக்கும் திமிசுக் கட்டையோ வேண்டும். முடித்த அன்றே புல் கரணை பதியுங்கள்.

10. தூர் வாருவது

மேலே உள்ளது முடிந்த பிறகுதான். தண்ணீரை இறக்கும்போது ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் இறக்காதீர்கள். உள்சரிவு தண்ணீரில் ஊறியிருக்கும். எதிரே தாங்கிய தண்ணீர் சட்டென்று போனால் அந்தச் சரிவு சரிந்து விழும். மோட்டார் வைத்து இரண்டே நாளில் காலி செய்பவர்களுக்கு இது நடக்கிறது.

கரையின் உள்ளடியிலிருந்து மூன்று நான்கு மீட்டருக்குத் தோண்டவே வேண்டாம். மற்ற இடத்திலும் வண்டலை மட்டும் எடுங்கள். பழைய அடித்தளம் தட்டியதும் நிறுத்துங்கள், அடியோடு ஒட்டி இறுகிய பல வருட வண்டல்தான் அதை அடைத்து வைத்திருக்கிறது. அதையும் சுரண்டிவிட்டு அடுத்த கோடையில் குளம் நிற்கவில்லை என்று தேடுபவர்கள் அதிகம். எடுத்த வண்டலைக் கரை மேல் கொட்டாதீர்கள், தேயிலைக்குப் போடுங்கள்.

11. நோட்டும் ஆளும்

மாதம் ஒருமுறை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருமுறை, மழை 10 செ.மீ. தாண்டிய மறுநாள் கட்டாயம். தேதி, நீர்மட்டம், மழை, கசிவின் நொடி, கலங்கலா தெளிவா, கலிங்கு சுத்தமா. இவ்வளவு போதும். ஒரே ஆள் பார்ப்பது நல்லது; போன மாதம் எப்படி இருந்தது என்பது அவர் கண்ணில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்று செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

12. மழை விடாத ராத்திரி

இதற்கான ஏற்பாடு செப்டம்பரிலேயே முடிந்திருக்க வேண்டும். கீழே இருக்கும் ஒவ்வொரு வீட்டின் செல் எண், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077, வி.ஏ.ஓ. எண் எல்லாம் காகிதத்தில் எழுதி வாட்ச்மேன் ஷெட்டில் ஒட்டியிருக்கட்டும். மின்சாரமும் டவரும் போகும் ராத்திரி அது, அதனால் விசிலும் டார்ச்சும் வேண்டும், யார் ஓடிப்போய்ச் சொல்வது என்றும் பேசி வைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் ஓடை வழியாகக் கீழே ஓடக் கூடாது, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். இதை ஒருமுறை பகலில் நடந்து காட்டுங்கள்.

கலிங்கில் தண்ணீர் அரை மீட்டரைத் தொட்டு இன்னும் ஏறினால், கசிவு கலங்கினால், கரையில் புதுப் பள்ளம் விழுந்தால், வீடுகளை அப்போதே காலி செய்யச் சொல்லுங்கள். உறுதியாகும் வரை காத்திருக்காதீர்கள். வீண் அலைச்சல் என்று திட்டு வாங்கலாம், பரவாயில்லை.

அதன் பிறகுதான் கரைக்கு. மதகை முழுதாகத் திறங்கள். கலிங்கில் மாட்டிய கட்டையை நீளக் கொக்கியால், கரையோரம் நின்று இழுங்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். தடிமனான ஹோஸ் இருந்தால் சைஃபன் போடலாம். ஆனால் குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, நீர்மட்டத்துக்கு மேல் ஐந்து மீட்டரைத் தாண்டி ஏறும் என்று நம்பாதீர்கள். மணல் மூட்டை வைப்பதென்றால் கரையின் தலையில் தாழ்ந்த இடத்தில் மட்டும், கலிங்கில் இல்லை. கரையை வெட்டி விட்டால் அழுத்தம் குறையும் என்று யாராவது மண்வெட்டியோடு வருவார், தடுத்து நிறுத்துங்கள். ஒரு முழ அகலத்துக்கு வெட்டிய வாய் சில நிமிடத்தில் மொத்தக் கரையையும் கொண்டுபோகும். கரை மேல் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால் எல்லோரும் இறங்கி ஓரமாகப் போய்விட வேண்டும், கருவிகளை விட்டுவிட்டு.

மழை விட்டு மட்டம் இறங்கிய இரண்டு மூன்று நாளில் உள்சரிவைப் பாருங்கள், வழுக்கல் அப்போதுதான் வரும். கலிங்கின் கல் பெயர்ந்திருக்கிறதா, குழாய் வாயில் புது ஈரம் உண்டா, முளைகள் நகர்ந்திருக்கின்றனவா என்றும் பார்த்து நோட்டில் ஏற்றுங்கள். ஏதாவது மாறியிருந்தால் பொறியாளர் பார்க்கும் வரை மதகு திறந்தே இருக்கட்டும், லைன் வீடுகளுக்கு அதுவரை லாரித் தண்ணீர்.